பழைய கார் கிளம்ப மறுக்கும்போது

புனே நகருக்கு வடகிழக்கே, விமான நிலையத்தை ஒட்டியுள்ளது லோஹேகாவ். அங்கு வாழும் நம் தமிழ் அன்பர் ஒருவர், தந்தையார் வாங்கிய பழைய பத்மினி காரை இன்றும் பேணி வருகிறார். சென்ற மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, ஊரில் நோயுற்றிருந்த தாயாரைக் காணச் சென்னை ரயிலைப் பிடிக்கப் புறப்பட்டார். சாவியைத் திருப்பியதும் ஸ்டார்ட்டர் சுழன்றது. இயந்திரமோ உயிர் பெறவில்லை. மீண்டும் மீண்டும் திருப்பினார். பாட்டரி ஓய்ந்தது, ரயிலும் போய்விட்டது. பின்னர் வந்த மெக்கானிக் காயிலை மாற்றினார், பிளக்குகளை மாற்றினார், கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பயனில்லை. மூன்றாம் நாள் வேறொருவர் வந்து டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைத் திறந்தார். உள்ளே ஈரம் முத்துமுத்தாகப் படிந்திருந்தது. உலர்ந்த துணியால் துடைத்து மூடியதும் வண்டி கிளம்பிற்று.

பொருளும் காலமும் விரயமானது வரிசையின்றித் தேடியதால்தான். அந்த வரிசை யாது என்பதை இங்குக் காண்போம்.

பம்பாய் குர்லாவில் 1964 முதல் பியட் 1100 டிலைட் என்று உருவாகிப் பின்னர் பத்மினி என்று பெயர் பெற்ற காரும், பழைய அம்பாசடரும், சென்னையில் உருவான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஒரே முறையில் இயங்குபவை. மும்பை வாடகைக் கார்களுள் கடைசிப் பத்மினி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றது. ஆயினும், ஆசையுடன் காப்பவர் வீடுகளில் இவை இன்னும் ஓடுகின்றன. இவற்றில் கணிப்பொறி கிடையாது. ஆகவே கண்ணும் மூக்கும் கொண்டே குறையைப் பெரும்பாலும் கண்டுவிடலாம்.

பெட்ரோலும் காற்றும் தக்க அளவில் கலந்து, சிலிண்டருக்குள் நன்கு அமுக்கப்பட்டு, உரிய கணத்தில் தீப்பொறி பட்டால் இயந்திரம் ஓடும். ஸ்டார்ட்டர் சுழல்வது பாட்டரியில் ஓரளவு வலு உண்டு என்பதை மட்டுமே காட்டும். அது மந்தமாகச் சுழன்றால், காயிலுக்குப் போதிய மின்சாரம் எஞ்சாமல் போகலாம். எனவே ஒரு தடவைக்குப் பத்து விநாடிக்கு மேல் சுழற்றலாகாது. இடையே அரை நிமிடமேனும் ஓய்வு தர வேண்டும்.

அடுத்து மூக்கைப் பயன்படுத்துவோம். பெட்ரோல் வாடை பலமாக வீசினால், எரிபொருள் அளவுக்கு மிஞ்சி பிளக்குகள் நனைந்திருக்கக்கூடும். சோக்கை உள்ளே தள்ளி, ஆக்சிலரேட்டரை முழுதும் மிதித்தபடி சில விநாடி சுழற்றினால் பெரும்பாலும் தெளிந்துவிடும். எவ்வளவு சுழற்றியும் வாடையே இல்லையெனில் பெட்ரோல் வந்து சேரவில்லை எனலாம்.

மூன்றாவது, தீப்பொறி. வாடை அடங்கிய பின்னரே இதைச் சோதிக்க வேண்டும். சிந்திய பெட்ரோல் அருகே பொறி பறந்தால் பெரும் விபத்து நேரும். ஒரு பிளக்கின் வயரைக் கழற்றி, அதில் வேறொரு நல்ல பிளக்கைச் செருகி, அதன் உலோகப் பகுதி இயந்திரத்தின் மீது படும்படி வைத்து, கையால் தொடாமல், மற்றொருவரைச் சுழற்றச் சொல்ல வேண்டும். நீல நிறத்தில் பளிச்சென்று பொறி தோன்றினால் மின்சாரப் பகுதி பெரும்பாலும் செம்மை. தோன்றாவிடில், காயிலிலிருந்து வரும் நடு வயரை அவ்வாறே சோதிக்கலாம். அங்கே பொறி இருந்து பிளக்கில் இல்லையெனில் குறை மூடியிலோ ரோட்டரிலோ வயரிலோ இருக்கும். மழைக்காலத்து ஈரமும், மூடியில் மயிரிழை போன்ற விரிசலும் அடிக்கடி காண்பவை. நடு வயரிலும் பொறி இல்லையெனில் பாயிண்ட், கண்டென்சர், காயில் என்ற முறையில் பார்க்க வேண்டும். பாயிண்டின் முகம் கருகியிருந்தாலும், இடைவெளி மாறியிருந்தாலும் பொறி மெலியும்.

பொறி நன்றாயிருந்தும் வண்டி கிளம்பாவிடில் பெட்ரோலின் பாதையை நாடுவோம். முள் காட்டும் அளவை நம்பாமல் டாங்கில் எண்ணெய் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு வடிகட்டி, பம்பு, ரப்பர் குழாய். விற்பனையாகும் பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்கும் நிலையை நம் நாடு 2025-ல் எட்டியது. பழைய ரப்பர் குழாய்களையும் பம்பின் சவ்வையும் எத்தனால் நாளடைவில் கெடுக்கக்கூடும். அது நீரையும் ஈர்க்கும். விடுமுறைக்கு ஊர் சென்று மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைப்போர் இதனை நினைவிற் கொள்வது நலம்.

இவையெல்லாம் சரியாயிருந்தால் எஞ்சுவன அமுக்கமும், பொறி விழும் நேரமும். அவை தேர்ந்த மெக்கானிக்கின் பொறுப்பு. அவரிடம், “காயிலில் கரண்ட் இருக்கிறது, பிளக்கில் இல்லை” என்று சொல்லத் தெரிந்தால், வேண்டாத உறுப்பு எதையும் மாற்ற நேராது. வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கு இதில் மொழித் தடையும் இல்லை. காயிலும் பாயிண்டும் பிளக்கும் புனேயிலும் கோயம்புத்தூரிலும் ஒரே பெயரால் வழங்குகின்றன.

நம் அன்பர் இப்போது வண்டிக்குள் உலர்ந்த துணி ஒன்றும் பழைய பிளக் ஒன்றும் வைத்திருக்கிறார். இரண்டு நாள் தாமதமாகவே அவர் தாயாரைச் சென்று கண்டார்.