கூடாரம் அடிக்கும் முன்

குளிர்காலம் வந்துவிட்டால் செம்பூர், மாதுங்கா, தாராவிவாழ் நம் குடும்பங்களில் பாவ்னா ஏரியின் பெயர் அடிபடத் தொடங்கும். லோணாவளாவுக்கு அப்பால் லோஹகட், துங், திகோனா கோட்டைகள் சூழ்ந்த கரையில் கூடாரங்கள் வரிசையாக நிற்கின்றன.

குழந்தைகளுடன் செல்லும் நாம், கட்டணத்தை விசாரிக்கும் முன் கூடாரத்துக்கும் நீருக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று கேட்க வேண்டும். பாவ்னா அணைநீர், கரையில் நின்று பார்ப்பவருக்கு ஆழம் தெரியாது. இடையில் வேலி இல்லையெனில் வேறிடம் தேடுவதே நன்று. கழிவறை அருகில் உள்ளதா, இரவில் விளக்கு எரியுமா, ஒலிபெருக்கி எத்தனை மணிக்கு அடங்கும் என்பன அடுத்த கேள்விகள். பாட்டி, தாத்தா உடன் வந்தால் சனிக்கிழமை இரவைத் தவிர்க்கலாம்.

அமைதியை நாடுவோருக்குப் பண்டார்தரா ஏற்றது. கசாரா வரை மின்ரயில், பிறகு வாடகை வண்டி. பருவமழைக்குச் சற்று முன் அங்கு மின்மினிகள் மரமெங்கும் ஒளிரும். கேரவனில் செல்வோர், மின் இணைப்பும் கழிவுநீர் அகற்றும் வசதியும் உண்டா என முன்கூட்டியே உறுதி செய்துகொள்வது அவசியம்.

இனி, முன்பணம். இணையத்தில் காணும் படம் வேறோர் ஏரியினதாகவும் இருக்கலாம். ஆதலால் முழுத் தொகையையும் முன்னரே அனுப்ப வேண்டாம். பணத்தைத் திருப்பித் தருவதாகக் கூறி யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்பவர் மோசடிக்காரரே. பணம் பெறுவதற்கு அவ்வெண் தேவையில்லை. ஏமாற்றப்பட்டால் தாமதியாது 1930 என்ற எண்ணை அழைத்துப் புகார் செய்து, வங்கிக்கும் தெரிவியுங்கள்.