சிறு நூலகத்திற்கு ஏற்ற பணித்திட்ட மென்பொருள்

நூலகப் பணிகள் இருவகைப்படும். நூல் வழங்குதல், திரும்பப் பெறுதல், பட்டியலிடுதல் ஆகியவை ஓயாது நடைபெறுவன. நூலிருப்பைச் சரிபார்த்தல், பழைய பட்டியல் அட்டைகளைக் கணினியில் ஏற்றுதல், கோடையில் சிறுவர் வாசிப்பு முகாம் நடத்துதல் முதலியன தொடக்கமும் முடிவும் உடையன. முன்னவற்றிற்குக் 'கோகா' போன்ற நூலக மென்பொருள்கள் உண்டு. நியூசிலாந்து நாட்டு நூலகம் ஒன்றில் 2000ஆம் ஆண்டில் பயனுக்கு வந்த கோகாவை எவரும் விலையின்றிப் பெறலாம். பின்னவற்றிற்கு, யார், எதனை, எந்நாளுக்குள் முடிப்பது என்று காட்டும் பணித்திட்ட மென்பொருள் வேண்டும்.

நால்வர் பணிபுரியும் இடத்திற்கு இஃது எதற்கு என்று நேயர்கள் வினவலாம். ஆள் குறைந்த இடத்திலேதான் இதன் தேவை மிகுதி. இருப்புச் சரிபார்ப்பை நடத்தியவர் திடீரென விடுப்பில் சென்றால், எந்த அடுக்கு முடிந்தது, எது எஞ்சியது என்னும் கணக்கும் அவருடனேயே சென்றுவிடுகிறது. பணி மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிறது. வாசகர் காத்து நிற்கிறார். வாசகரின் காலத்தைச் சேமிக்க வேண்டும் என்பது, 1931இல் வெளியான நூலில் எஸ். ஆர். அரங்கநாதன் வகுத்த நான்காம் விதியன்றோ!

இம்மென்பொருள்களுள் எளியது பலகை வகை. ஜப்பானில் டொயோட்டா தொழிற்சாலையில் உருவான 'கன்பன்' முறையைத் தழுவியது இது. 2011இல் வெளிவந்த 'டிரெல்லோ' இவ்வகையினது. செய்ய வேண்டியவை, நடைபெறுபவை, முடிந்தவை என மூன்று பத்திகள் அமைத்து, பணிக்கு ஓர் அட்டையாக நகர்த்திச் செல்லலாம். பட்டியல் அட்டையோடு பழகிய நூலகருக்கு இது புதிதாகத் தோன்றாது. மற்றொன்று காலக்கோட்டு வகை. ஒரு பணி முடிந்தாலன்றி அடுத்தது தொடங்க இயலாத இடத்தில், எடுத்துக்காட்டாக நூலகத்தை வேறு கட்டடத்திற்கு மாற்றுகையில், இது பெரிதும் உதவும். 'ரெட்மைன்' இவ்வசதி உடையது, விலையும் இல்லை. ஆயினும் அதனைத் தம் சொந்தக் கணினியில் நிறுவிப் பேணுதற்கு அறிந்தவர் ஒருவர் வேண்டும். அத்தகையவர் இல்லையேல் அதனைத் தவிர்த்தல் நலம்.

தேர்ந்தெடுக்குமுன் நான்கு செய்திகளைக் கவனித்தல் வேண்டும். நூல்களை அடுக்கில் வைக்கும் உதவியாளர் உட்பட அனைவரும் கைப்பேசியில் தமிழிலேயே குறிப்பு எழுத இயல வேண்டும். கட்டணம் ஆள் ஒன்றுக்கு மாதந்தோறும் வாங்கப்படுமாயின், ஓராண்டுச் செலவை முன்னரே கணக்கிட வேண்டும். வாசகரின் பெயரையும் முகவரியையும் அட்டைகளில் எழுதலாகாது. எழுதிய குறிப்புகள் அனைத்தையும் வேண்டும்போது வெளியே எடுத்துக்கொள்ள வழி இருக்க வேண்டும். பலரும் பயன்படுத்திய 'வுண்டர்லிஸ்ட்' 2020இல் மூடப்பட்டதை நினைவிற் கொள்க.

இறுதியாக, மெய்யான பணி ஒன்றை எடுத்து மூன்று வாரம் சோதித்துப் பாருங்கள். விடுப்பில் இருப்பவரைக் கேளாமலே, அவருடைய பணி எங்கே நிற்கிறது என்று மற்றவர் கூற இயலுமாயின் அம்மென்பொருளை ஏற்றுக்கொள்ளலாம்.