நெல் பொய்த்தால் யார் துணை?

இம்மலையில், அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்த அட்டுவம்பட்டியில், உலையில் ஏறும் அரிசி பெரும்பாலும் சமவெளி வயல்களில் விளைந்து வருவது. அந்நெல் கருகிப்போனால் உழவருக்குத் துணை யார்? இதையே இன்று நான் விளக்க விரும்புகிறேன்.

முன்னாளில் தக்காவி இருந்தது. 1884-ஆம் ஆண்டுச் சட்டப்படி விதைக்கும் மாட்டுக்கும் சர்க்கார் பணம் தந்தது. ஆனால் அது கடன். வட்டியோடு திருப்பிக் கட்டவேண்டும்.

இன்று முறை வேறு. இயற்கைச் சீற்றத்தால் பயிரில் 33 விழுக்காடோ அதற்கு மேலோ அழிந்தால் இடுபொருள் மானியம் உண்டு. அதைத் திருப்பித் தரவேண்டியதில்லை. 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதும் வறட்சி அறிவிக்கப்பட்டபோது, நெல் ஏக்கருக்கு 5,465 ரூபாய் என அரசு நிர்ணயித்தது. 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டிலோ, உணவுப் பயிருக்கு உழவர் செலுத்தும் பிரீமியம் காப்பீட்டுத் தொகையில் காரிப் பருவத்துக்கு 2, ராபிப் பருவத்துக்கு 1.5 விழுக்காடே, எஞ்சியதை அரசுகள் ஏற்கின்றன.

இவ்வுதவி யாருக்குச் சேரும் என்பதற்குச் சான்று, கிராம நிர்வாக அலுவலர் எழுதும் அடங்கல். வாய்ப்பேச்சில் குத்தகை பிடித்து உழுபவர் பெயர் அதில் ஏறாவிடில், நட்டம் அவருக்கு, நிவாரணம் பட்டாதாரருக்கு என்றாகிவிடலாம். இதைத் தடுக்கவே 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் பதியாதோர் இன்றும் உளர்.

ஆகவே, விடுமுறையில் ஊர் செல்லும்போது, அடங்கலில் உழுபவர் பெயர் உள்ளதா என்று வாசித்துச் சொல்லுங்கள். கற்றவர் செய்யத்தக்க உதவி இது என்பேன்.