ஏரிக்கு உரிமை உண்டு; பேசப்போவது யார்?

ஆவடியைத் தாண்டித் திருவள்ளூர் பக்கம் போனால், கோடையில் வற்றிய ஏரிகளுக்குள் லாரித் தடங்களைப் பார்க்கலாம். சவுடு மண் சாலைக்கும் மனைக்கும் போகிறது. அளவுக்கு மேல் தோண்டிய பள்ளத்தில் தேங்கும் நீர் மதகுக்கு ஏறாது, வயலுக்கும் வராது. மாட்டை ஓட்டிச் செல்பவருக்கும் மீன் பிடிப்பவருக்கும் அந்தப் பள்ளம் ஆபத்து. நிலமில்லாத நம் காலனி மக்களுக்கு ஏரிதான் மேய்ச்சல், ஏரிதான் கூலி.

அந்த ஏரிக்கே உரிமை உண்டு என்றால்?

தேனி மேகமலையில் வன நிலத்துக்குப் பட்டா கொடுத்தது தொடர்பான வழக்கில், 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நீதிபதி எஸ்.ஸ்ரீமதி, இயற்கை அன்னையை உரிமைகள் கொண்ட உயிருள்ள சட்ட நபராக அறிவித்தார். அதைக் காக்கும் பொறுப்பு மத்திய, மாநில அரசுகளுக்கு உண்டு என்றார்.

தீர்ப்பை வரவேற்கிறோம். ஆனால் ஒரு கவலையும் உண்டு. நீர்நிலையைக் காப்பது என்றால் கரையோரக் குடிசையை இடிப்பது மட்டும்தானா? குடிசைக்கு நோட்டீஸ், லாரிக்கு பர்மிட் என்றால், ஏரியும் பிழைக்காது, நாமும் பிழைக்க மாட்டோம்.

நம் கையில் இன்னொரு சட்டமும் இருக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடி மக்கள் நிலம், நீர், பாசன வசதி மீது தங்களுக்குள்ள உரிமையை அனுபவிக்கவிடாமல் பிறர் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 3(1)(ஜி) பிரிவின்படி குற்றம். ஏரி காப்பதும் சாதிக் கொடுமையை எதிர்ப்பதும் வேறு வேறல்ல.

மதுரை அரிட்டாபட்டியைப் பாருங்கள். அங்கே சுமார் 5,000 ஏக்கரில் டங்ஸ்டன் சுரங்கம் வர இருந்தது. 2024 நவம்பரில் கிராம சபைகள் எதிர்த்துத் தீர்மானம் போட்டன. மக்கள் தெருவில் இறங்கினார்கள். சட்டப்பேரவையும் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23-ல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

ஆண்டுக்கு 6 நாள் கிராம சபை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. மாணவர்களே, காலனிப் பெரியவர்களை அழைத்துக்கொண்டு போங்கள். மண் எடுக்க அனுமதித்த ஆழம் எவ்வளவு, எத்தனை நாள், எத்தனை லோடு என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். உங்கள் கேள்வி தீர்மானப் பதிவேட்டில் ஏறும்வரை இடத்தைவிட்டு எழாதீர்கள்.

1927 மார்ச் 20-ல் மகாட் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் அள்ளிக் குடித்தது, பொதுக்குளம் நமக்கும் சொந்தம் என்று காட்டத்தான். சொந்தமான குளத்தைக் காக்கும் வேலையும் நம்முடையதுதான்.