பிரதேசக் கட்டடக்கலையும் உழைப்பும்: மினெற் டி சில்வாவின் பணிக்கூடம் பற்றி மட்டக்களப்பிலிருந்து ஒரு நோக்கு

ஈழத்துத் தமிழ் விமர்சனத்தில் 'பிரதேசம்' என்னும் சொல் நீண்டகாலமாக விவாதத்துக்குரியதாக இருந்து வந்துள்ளது. 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தின் தேசிய இலக்கியக் கோட்பாட்டையொட்டி 'மண்வாசனை' பற்றிய கருத்து மோதல்கள் எழுந்தன. ஊர்ப் பெயர்களையும் பேச்சுவழக்கையும் தூவிவிடுவதனால் ஒரு படைப்புப் பிரதேசத்துக்குரியதாகிவிடுமா, அன்றி அப்பிரதேச மக்களின் உற்பத்தி உறவுகளையும் முரண்பாடுகளையும் அது உட்கொண்டிருத்தல் வேண்டுமா என்பதே அன்றைய வினா. அதே தசாப்தத்தில் இவ்வினா கட்டடக்கலையிலும் எழுந்தது. அது எழுந்த இடம், கண்டியில் ஒரு பெண் தம் பெற்றோரின் இல்லத்தில் நடத்திய சிறு பணிக்கூடம். இலக்கிய மாணவராகிய நாம் அதனை நோக்குவதற்கு இவ்வொப்புமையே முதற்காரணம். இரண்டாவது காரணம் மட்டக்களப்பு வாவிக்கரையின் வீட்டுப் பிரச்சினை. அதற்குப் பின்னர் வருவோம்.

மினெற் டி சில்வா (1918–1998) கண்டியிற் பிறந்தவர். தந்தையார் ஜோர்ஜ் ஈ. டி சில்வா இலங்கைத் தேசிய காங்கிரசின் தலைவர்களுள் ஒருவர். பின்னர் சுகாதார அமைச்சர். தாயார் அக்னஸ் பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். பம்பாயில் ஜே. ஜே. கலைக் கல்லூரியிற் பயின்றபொழுது, காந்தியடிகளின் விடுதலையைக் கோரிய மாணவர் நடவடிக்கையிற் பங்குபற்றியமைக்காக மினெற் வெளியேற்றப்பட்டார். 1946 இல் முல்க் ராஜ் ஆனந்த் முதலியோருடன் 'மார்க்' சஞ்சிகையின் தோற்றத்தில் இணைந்தார். லண்டனிற் கல்வியை நிறைவு செய்து, 1948 இல் பிரித்தானியக் கட்டடக் கலைஞரின் அரச நிறுவகத்தில் இணை உறுப்பினரான முதல் ஆசியப் பெண்ணானார். லெ கொர்புசியேயின் நண்பர். நாடு திரும்பி அவர் அமைத்த பணிக்கூடத்தின் பெயரில் 'நவீன' என்ற அடைமொழி இருந்தது. 1953 இல் 'மார்க்'கில் தம் முதல் வீட்டைப் பற்றி எழுதியபோது, தமது முயற்சியை 'நவீன பிரதேசக் கட்டடக்கலை' என அழைத்தார். மேலைத்தேயப் புலமையாளர் 'விமர்சனப் பிரதேசவாதம்' என்ற தொடரை ஆளத் தொடங்கியது 1981 இலேயே என்பதை இங்கு நினைவிற் கொள்ளல் தகும். கோட்பாடுகள் மையத்திற் பிறந்து விளிம்புக்கு வருவன என்ற நமது கல்வியுலக வழக்கத்துக்கு இது பொருந்தாத ஓர் உதாரணம்.

அம்முதல் வீடு கண்டியில் ஒரு மலைச்சரிவில் அமைந்த கருணாரத்ன இல்லம். நிலத்தை வெட்டிச் சமப்படுத்தாது, சரிவின் போக்கிலேயே தளங்கள் ஏறியிறங்குகின்றன. அறைகள் ஒன்றுக்குள் ஒன்று திறந்து, சடங்குக்கோ உறவினர் கூட்டத்துக்கோ விரிந்துகொடுக்கின்றன. இந்த வரைபட நுட்பத்தைக் காட்டிலும் நமது கவனத்துக்குரியது, வேலை எவ்வாறு பகிரப்பட்டது என்பது. கதவுகளுக்குத் தும்பறைப் பாய் நெசவு. படிக்கட்டுக்கு அரக்கு வேலை. நிலத்துக்கும் சுவருக்கும் உள்ளூரிற் சுட்ட மண் ஓடுகள். வரவேற்பறையில் ஜோர்ஜ் கீற்றின் சுவரோவியம். கொங்கிறீற்றும் கண்ணாடியும் இவற்றோடு ஒரே வீட்டில் நிற்கின்றன. எனவே பணிக்கூடத்தின் நாளாந்த வேலை வரைபலகையோடு முடிந்துவிடவில்லை. கைவினைஞரைத் தேடிச் செல்லல், அவர்கள் அறிந்த அளவுகளைக் கட்டடத்தின் அளவுகளோடு இணக்குதல், கொங்கிறீற்றுக்குப் பழக்கமில்லாத மேசனுக்கு விளக்குதல் ஆகியனவும் வடிவமைப்பின் பகுதிகளாயின. பெண் கட்டடக் கலைஞர் ஒருவரை ஒப்பந்தகாரரும் அரச அலுவலரும் நம்ப மறுத்தமை பற்றி அவரே எழுதியுள்ளார்.

இறக்குமதிப் பண்டங்களால் நலிந்த கைவினைஞருக்கு அருங்காட்சியகத்தில் அன்றி, நடைமுறைக் கட்டட உற்பத்தியில் இடமளிக்க முயன்றமை முற்போக்கான செயல் என்பதில் ஐயமில்லை. ஆயினும் பாராட்டோடு நின்றுவிடுதல் ஆய்வாகாது. தும்பறைப் பாயை நெய்தோர், கண்டிச் சமூகத்தின் சாதிப் படிநிலையில் மிகத் தாழ்த்தப்பட்டிருந்த கின்னரர் எனும் குழுவினர். 1832 இல் அரசுக்கான இராசகாரியம் ஒழிக்கப்பட்ட பின்னரும் விகாரை, தேவாலய நிலங்களில் சேவைக் கடமைகள் நெடுங்காலம் தொடர்ந்தன. ஆனந்த குமாரசுவாமி 1908 இல் வெளியிட்ட மத்தியகாலச் சிங்களக் கலை பற்றிய நூல் இக்கைவினை மரபை ஆழ்ந்த பரிவுடன் பதிவு செய்தது; ஆனால் சாதியால் விதிக்கப்பட்ட தொழிலை ஒழுங்கமைந்த ஒரு சமுதாயத்தின் இசைவாகக் காணும் போக்கு அதில் உண்டு. மினெற்றின் தலைமுறை அந்நூலின் வாயிலாகவே கைவினையைக் கண்டது. கதவிலுள்ள நெசவின் அழகைப் பேசுவோர் நெய்தவரின் சமூக நிலையைப் பேசாதிருத்தல் இம்மரபின் தொடர்ச்சியே. கண்டியிலும் கொழும்பிலும் அவருக்கு வேலை கொடுத்தோர் பெரும்பாலும் வழக்கறிஞரும் செல்வந்தருமான உயர் வகுப்பினர். கொழும்பில் 1950களில் அமைந்த பீரிஸ் இல்லம் தூண்களின் மேல் உயர்ந்து, நடுமுற்றத்தைச் சூழ்ந்து நிற்பது, நேர்த்தியானது. ஆனால் அதில் வாழ்வோருக்கும் அதனைக் கட்டியோருக்கும் இடையிலிருந்த உறவை அந்நேர்த்தி மாற்றவில்லை.

மாற்றத்துக்கான ஒரு சாத்தியம் தென்பட்டது வட்டபுளுவவில். 1950களின் நடுப்பகுதியில் கண்டியை அண்மிய இவ்விடத்தில் அரசாங்க ஊழியருக்கான வீடமைப்புத் திட்டத்தை வகுக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. 200க்கு மேற்பட்ட குடும்பங்கள். வெவ்வேறு இனத்தவர், மதத்தவர், வருமானத்தினர். ஒரே வரைபடத்தைப் பெருக்கி விடுவது அன்றைய பொது வேலைகளின் வழக்கம். அவரோ குடியேறவிருந்தோரிடம் வினாப்படிவங்களைக் கொடுத்தார். அவர்களுடன் கூட்டங்கள் நடத்தினார். எவ்வாறு சமைக்கிறீர்கள், எங்கே வழிபடுகிறீர்கள், உங்களால் எவ்வளவு செலவிட முடியும் என்பன போன்ற வாழ்க்கை விபரங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து சில மாதிரி வீடுகளை உருவாக்கினார். குடும்பங்கள் தமக்கேற்றதைத் தெரிவு செய்தன. தனிச்சிங்களச் சட்டத்தின் 1956 உம் இனக்கலவரத்தின் 1958 உம் இத்திட்டத்தின் காலத்தவையே. மொழியை எவரிடமும் கேளாது விதித்த அரசின் ஊழியர்களிடம், உங்கள் அடுக்களை எவ்வாறு இருத்தல் வேண்டும் என ஒருவர் கேட்டுக்கொண்டிருந்தார். மினெற்றின் பிரதேசவாதம் அலங்காரத்திலிருந்து விலகிச் சமூக உறவாகியது இங்கேதான் என்பது நமது கருத்து. வட்டபுளுவவில் கைவினை குறைவு. ஆயினும் அங்குதான் பிரதேசம் கூடுதலாக உள்ளது.

இம்முறை பரவவில்லை, பரவியது தோற்றமே. தாழ்ந்த ஓட்டுக்கூரை, நடுமுற்றம், சுட்ட மண் ஓடு என்பன 1960களின் பிற்பகுதியிலிருந்து விரிந்த உல்லாசப் பயணத்துறையின் மூலதனத்துக்கு மிக உவப்பான அடையாளங்களாயின. ஜெப்ரி பாவாவின் மேதைமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் அவருடைய புகழ் உலகளாவியபோது மினெற் ஏறக்குறைய மறக்கப்பட்டார். இலங்கைக் கட்டடக் கலைஞர் நிறுவகத்தின் தங்கப் பதக்கம் அவருக்கு 1996 இல், இறப்பதற்கு இரண்டாண்டுகள் முன்னரே கிடைத்தது.

இனி நமது வாவிக்கரைக்கு வருவோம். எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் பழைய வீடென்பது களிமண் சுவரும் இலுக்கு அல்லது கிடுகுக் கூரையும் கொண்டது; திண்ணையும் வளவும் சேர்ந்தே அது வீடாகும். ஆனால் மட்டக்களப்பு வீட்டின் தனித்தன்மை அதன் கூரையில் இல்லை, அதன் உரிமையில் உள்ளது. தாய்வழிக் குடிமுறை நிலவிய இப்பிரதேசத்தின் முக்குவச் சட்டத்தை 1876 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் வழக்கிழக்கச் செய்த பின்னரும், சீதனத்தின் வழியாக வீடு மகளுக்கே சென்றது. மணமானவுடன் கணவன் மனைவியின் வீட்டுக்கு வருவான். பெற்றோர் காலப்போக்கில் அவ்வீட்டை மகளிடம் விட்டு, பெரும்பாலும் அதே வளவிலோ அருகிலோ அடுத்த மகளுக்கென எழும் வீட்டுக்குப் பெயர்வர். தமிழர், முஸ்லிம்கள் ஆகிய இரு சமூகத்தவரிடையேயும் இவ்வழக்கம் உண்டென்பதை மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்றே விரிவாக எடுத்துக்காட்டியுள்ளார். ஒரு வீடு என்பது இங்கு ஒரு கட்டடம் அன்று. தலைமுறைதோறும் நகரும் ஒரு வரிசை.

26.12.2004 அன்று கடல் இவ்வரிசையை அறுத்தது. அரசாங்கம் தெற்கில் 100 மீற்றரும் வடக்கு கிழக்கில் 200 மீற்றரும் கட்டடத் தடை வலயமாக அறிவித்துப் பின்னர் தளர்த்தியது. இடையில் உதவி நிறுவனங்கள் மாதிரி வரைபடங்களுடன் வந்தன. நிருவாகம் அறிந்திருந்த அலகு 'குடும்பத் தலைவர்' என்பது. அச்சொல் நடைமுறையில் ஆணையே குறித்தது. தாய் தன் மகளுக்கு எழுதிய வளவு கடலோரத்தில் அழிய, அதற்கு ஈடான புதிய வீட்டின் உறுதி கணவனின் பெயரில் எழுதப்படும் நிலை உருவாயிற்று. மணமாகாத மகளுக்கெனக் கட்டி முடித்தும் குடிபுகாதிருந்த வீடு, எவரும் வாழாத வீடாகையால் கணக்கில் ஏறுவது அரிதாயிற்று. நூற்றாண்டுக்கு முன்னர் சட்டம் முழுமையாகச் செய்ய இயலாததை ஒரு விண்ணப்பப் படிவம் செய்யத் தொடங்கியது. மட்டக்களப்பின் பெண்கள் அமைப்புக்கள் இதனை எதிர்த்துக் குரலெழுப்பின.

தாய்வழி வீட்டைப் பொற்காலமாகப் புனைவதும் நமது நோக்கமன்று. சீதன வீட்டைக் கட்டும் சுமை ஏழைக் குடும்பங்களை நெரிக்கிறது; அதன் பொருட்டு இப்பிரதேசப் பெண்கள் மத்திய கிழக்கு நாடுகளுக்கு வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்று ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர். அவ்வுழைப்பே சுவராகவும் கூரையாகவும் மாறுகிறது. பெண்ணுக்குரிய உடைமை, பெண்ணையே வருத்தும் கடமை என்னும் இம்முரண்பாட்டை எந்த மாதிரி வரைபடமும் அறியாது.

கண்டியில் இருந்தது போன்ற ஒரு சிறு பணிக்கூடம் கல்லடியிலோ காத்தான்குடியிலோ அமையுமாயின், அதன் வினாப்படிவம் 'குடும்பத் தலைவர் யார்' என்று தொடங்க இயலாது. இவ்வீடு எந்த மகளுக்கு, அடுத்தவளுக்கு வளவில் இடமுண்டா, பெற்றோர் எப்போது, எங்கே பெயர்வர், கட்டுவதற்கான பணம் எவருடைய உழைப்பிலிருந்து வருகிறது, உறுதி எவர் பெயரில் என்பன முதலில் வரவேண்டும். அறைகளின் அளவு அதற்குப் பின்னரே. பன்பாயைச் சுவரில் தொங்கவிடுவதா என்பது அதற்கும் பின்னர். தொங்கவிடுவதாயின், அதனை இழைத்த பெண்ணின் கூலி மேசன், தச்சன் கூலியோடு செலவு மதிப்பீட்டில் தனி வரியாக எழுதப்படல் வேண்டும்.