எஞ்சின் போச்சா, வால்வு போச்சா?

விடியற்காலை ஐந்தரை மணி. பெரட்டுக்குக் கிளம்ப வேண்டும். அஞ்சடியில் நிற்கும் மோட்டார் சைக்கிளை உதைக்கிறீர்கள். உதைகட்டை கனமே இல்லாமல் பொசுக்கென்று இறங்குகிறது. பத்து உதைக்குப் பிறகு 'புட் புட்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அன்றைய பேர் போனது போனதுதான். பிள்ளையைப் பள்ளியில் விடவும் வழியில்லை.

"எஞ்சினே முடிஞ்சு போச்சு அண்ணே, முழுசா இறக்கணும்" என்று யாராவது சொன்னால் உடனே தலையாட்டிவிடாதீர்கள். முதலில் நோய் என்னவென்று பாருங்கள். வால்வும் ஸ்பிரிங்கும் மட்டும் கெட்டிருந்தால், பொறுமையுள்ளவர் வீட்டிலேயே மாற்றிக்கொள்ளலாம். இங்கே சொல்லும் அளவும் குறிகளும் நம் தோட்டங்களில் இன்னும் ஓடும் பழைய ஹோண்டா சி-70 வண்டிக்கு உரியவை. வேறு வண்டி என்றால் அதற்குரிய புத்தகத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் சோதனை

எஞ்சின் இரவெல்லாம் ஆறியிருக்க வேண்டும். வால்வுக்கும் ராக்கருக்கும் உள்ள இடைவெளியை ஃபீலர் தகடு வைத்துப் பாருங்கள். இரண்டுக்கும் 0.05 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். நாளாக ஆக வால்வு தன் இருக்கையில் அமுங்கி, இந்த இடைவெளி குறைந்துவிடும். அப்புறம் வால்வு முழுசாக மூடாது, அழுத்தம் கசியும். இடைவெளியைச் சரிசெய்ததுமே வண்டி உயிர் பெறுவதும் உண்டு. அதற்குச் செலவே இல்லை!

அதிலும் சரியாகவில்லையா? ஒருவர் உதைகட்டையை மெதுவாக அழுத்தட்டும். இன்னொருவர் காது கொடுத்துக் கேட்கட்டும். 'உஸ்' என்ற சத்தம் புகைக்குழாயில் வந்தால் புகை வால்வு. கார்புரேட்டரில் வந்தால் பெட்ரோல் வால்வு. எண்ணெய் ஊற்றும் வாயில் வந்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. அது வேறு வேலை. வேகமாக முறுக்கும்போது மட்டும் எஞ்சின் தடுமாறினால், ஸ்பிரிங் தளர்ந்திருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

கழற்றுவது

புகைக்குழாய், கார்புரேட்டர், பிளக், இடதுபக்க மூடி எல்லாவற்றையும் கழற்றுங்கள். காந்தச் சக்கரத்தை இடஞ்சுழியாகத் திருப்பி, 'டி' குறியை எஞ்சின் உடம்பில் உள்ள குறிக்கு நேராக நிறுத்துங்கள். அப்போது மேலே காம் சக்கரத்தின் 'ஓ' குறியும் ஹெட்டில் உள்ள வெட்டும் நேராக இருக்க வேண்டும். இதுதான் இந்த வேலையின் உயிர். மறக்காமல் ஒரு தாளில் படம் வரைந்து வையுங்கள்.

காம் சக்கரத்தைக் கழற்றியதும் சங்கிலி உள்ளே விழுந்துவிடாதபடி கம்பியால் கட்டுங்கள். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். செம்பு வாஷர் எந்த நட்டின் கீழ் இருந்ததோ, திரும்பவும் அங்கேதான் போக வேண்டும். கழற்றியதை எல்லாம் வரிசையாக ஒரு தட்டில் வையுங்கள்.

காம்ஷாஃப்டையும் ராக்கர்களையும் உருவிய பிறகு, ஸ்பிரிங் அழுத்தும் கிளாம்பை மாட்டி அழுத்துங்கள். இரண்டு சின்னப் பூட்டுகள் வெளியே வரும். ஸ்பிரிங் தெறித்தால் கண் போய்விடும். கண்ணாடி போடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள். கிளாம்ப் இல்லையா? ஹெட்டை மட்டும் துணியில் சுற்றிப் பட்டறைக்கு எடுத்துப் போங்கள். அந்த ஒரு வேலைக்கு மட்டும் கூலி கொடுத்தால் போதும். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மாற்றுவது

பெரிய வால்வு பெட்ரோலுக்கு, சின்னது புகைக்கு. புது வால்வை அதன் குழாயில் விட்டு ஆட்டிப் பாருங்கள். தளதளவென்று ஆடினால் குழாய் தேய்ந்திருக்கிறது; அதைப் பட்டறையில்தான் மாற்ற வேண்டும்.

வால்வு முகத்தில் அரைக்கும் பசையைக் கொஞ்சமாகத் தடவி, இருக்கையில் வைத்து முன்னும் பின்னும் உருட்டுங்கள். சுற்றிலும் ஒரே சீரான சாம்பல் நிற வளையம் தெரிந்தால் போதும். பிறகு பசை துளிகூட மிஞ்சாமல் மண்ணெண்ணெயில் கழுவுங்கள். மிஞ்சிய பசை எஞ்சினையே அரைத்துவிடும். கழுவுவது வெளியில், அடுப்புக்கும் சிகரெட்டுக்கும் எட்டாத இடத்தில்.

புது சீல் போட்டு, வால்வுத் தண்டில் எண்ணெய் தடவி மாட்டுங்கள். ஒவ்வொரு வால்வுக்கும் உள் ஸ்பிரிங், வெளி ஸ்பிரிங் என்று இரண்டு. சுருள் நெருக்கமாக இருக்கும் பக்கம் ஹெட்டைப் பார்த்து இருக்க வேண்டும். பூட்டுகள் இரண்டும் சரியாக உட்கார்ந்தனவா என்று பாருங்கள். வால்வு இருக்கும் துவாரங்களில் மண்ணெண்ணெய் ஊற்றி ஐந்து நிமிடம் வையுங்கள். கசியவில்லை என்றால் உங்கள் கைவேலை வெற்றி!

கடைசியில் அவசரம் வேண்டாம்

புது கேஸ்கெட் போட்டு, நட்டுகளைக் குறுக்கு மறுக்காக இரண்டு மூன்று தடவையில் முடுக்குங்கள். 'டி' குறியும் 'ஓ' குறியும் நேராக இருக்கின்றனவா? இடைவெளியை 0.05-க்கு வையுங்கள். அதன் பிறகும் உதைக்காதீர்கள்! பிளக் போடாமல் காந்தச் சக்கரத்தைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். எங்காவது முட்டினால் நிறுத்துங்கள். குறி தவறியிருக்கிறது என்று அர்த்தம். பலமாகத் திருப்பினால் புது வால்வு வளைந்துவிடும். போட்ட காசெல்லாம் வீண்.

எல்லாம் சரியென்றால் பிளக்கைப் போட்டு உதையுங்கள். கொஞ்ச நாள் மெதுவாக ஓட்டிவிட்டு, ஆறிய எஞ்சினில் இடைவெளியை மறுபடி பாருங்கள்.

நண்பர்களே, இந்த வேலையைச் சனிக்கிழமை மாலையில் தொடங்குங்கள். திங்கட்கிழமை பெரட்டுக்கு முன் முடிக்க நேரம் இருக்கும். வீட்டுப் பையனையும் பக்கத்தில் உட்கார வைத்து, ஒவ்வொரு சாமானின் பேரையும் சொல்லிக் கொடுங்கள். மிச்சமாகும் வெள்ளி செலவாகிவிடும். அவன் கற்றுக்கொண்ட கைத்தொழில் அவனோடு இருக்கும்.