வெள்ளவத்தை வீடும் வெளிநாட்டு உரிமையாளரும்

1983 ஆம் ஆண்டுக்குப் பிறகு இலண்டன், டொரொண்டோ, பாரிஸ், சூரிச், சிட்னி எனப் பல திசைகளுக்கும் பெயர்ந்த ஈழத் தமிழர்களின் சேமிப்பில் கணிசமான பங்கு கொழும்பின் வெள்ளவத்தைத் தொடர்மாடிகளிலும், ஓரளவு கொட்டாஞ்சேனையின் பழைய வீடுகளிலும் முதலாகியிருக்கிறது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள ஒழுங்கைகளில் இத்தகைய வீடுகளில் சில பூட்டிக் கிடக்கின்றன. பல வாடகைக்கு விடப்பட்டு, அற்றோணித் தத்துவம் பெற்ற உறவினர் ஒருவரின் பராமரிப்பில் இருக்கின்றன. உரிமையாளர் நாட்டில் இல்லை, உழைப்பும் வேறு நாட்டில், ஆகவே இலங்கையின் வருமான வரிக்கும் தமக்கும் தொடர்பில்லை என்னும் எண்ணம் இவர்களிடையே பரவலாக உள்ளது. அது சம்பளத்தைப் பொறுத்தவரை பெரும்பாலும் சரியானது, வாடகையைப் பொறுத்தவரை முற்றிலும் தவறானது.

இலங்கையில் வருமான வரி 1932 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தோடு தொடங்கியது. இன்று நடைமுறையில் இருப்பது, 2018 ஏப்ரல் 1 முதல் செயற்படும் 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமும் அதற்குப் பின்வந்த திருத்தங்களுமாகும். இச்சட்டம் ஒருவரை வதிவாளர், வதியாதவர் என இரண்டாகப் பிரிக்கிறது. இலங்கையில் வாழ்பவரும், மதிப்பாண்டில் (அதாவது ஏப்ரல் 1 முதல் அடுத்த மார்ச் 31 வரையான வரியாண்டில்) தொடங்கும் அல்லது முடியும் ஏதேனும் பன்னிரண்டு மாதத்துள் மொத்தமாக 183 நாட்களோ அதற்கு மேலோ நாட்டில் தங்கியவரும் வதிவாளர் ஆவார். அவர் உலகின் எப்பகுதியில் ஈட்டிய வருமானமும் கணக்கில் எடுக்கப்படும். வதியாதவருக்கு இலங்கையில் தோன்றும் வருமானம் மட்டுமே வரிக்குரியது. ஆகவே கட்டாரிலோ கனடாவிலோ வேலை செய்து அங்கேயே வாழ்பவரின் சம்பளத்தில் கொழும்புக்கு உரிமையில்லை. வெள்ளவத்தை வாடகை இலங்கை மண்ணில் தோன்றுவதால், உரிமையாளர் எந்நாட்டில் இருந்தாலும் அதன்மீது உரிமையுண்டு. ஓய்வுக்காலத்தில் பனிக்குத் தப்பி ஆண்டின் பெரும்பகுதியைக் கொழும்பில் கழிப்பவர்கள் இந்த 183 நாள் எல்லையை அறியாமலே கடந்து வதிவாளராகிவிடுவதும் உண்டு.

இங்கு கடவுச்சீட்டு எதிர்பாராத வகையில் குறுக்கிடுகிறது. 2025 ஏப்ரல் 1 முதல் ஆண்டுக்கு 18 இலட்சம் ரூபாவாக உயர்த்தப்பட்ட தனிநபர் நிவாரணம் (அதாவது வரி விதிக்கப்படாத வருமானப் பகுதி), வதிவாளர்களுக்கும் வெளிநாட்டில் வதியும் இலங்கைப் பிரஜைகளுக்கும் மட்டுமே உரியது. வேறொரு நாட்டின் பிரஜாவுரிமையைத் தாமாக விரும்பிப் பெறுபவர், இரட்டைப் பிரஜாவுரிமையைத் தனியே விண்ணப்பித்துப் பெற்றாலன்றி, இலங்கைப் பிரஜாவுரிமையை இழந்துவிடுகிறார். அதனுடன் இந்த நிவாரணத்தையும் இழக்கிறார். ஓராண்டின் வரிக்குரிய வாடகை 13.5 இலட்சம் ரூபா என வைத்துக்கொண்டால், இலங்கைப் பிரஜையாக நீடிக்கும் உரிமையாளருக்கு, வேறு இலங்கை வருமானம் இல்லாதவரை, வரியே எழாது. பிரித்தானியக் கடவுச்சீட்டு மட்டும் வைத்திருக்கும் அவருடைய சகோதரருக்கோ முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதமும் எஞ்சிய 3.5 இலட்சத்துக்கு 18 வீதமுமாக 123,000 ரூபா வரி வரும். ஒரே தொடர்மாடியில், ஒரே வாடகையில், இருவருக்கும் இவ்வளவு வேறுபாடு இருப்பது புலம்பெயர்ந்தோருக்கு நியாயமாகத் தோன்றாமல் போகலாம். எனினும் சட்டம் இப்படித்தான் நிற்கிறது.

வாடகையிலிருந்து வரியை முன்கூட்டியே கழித்துச் செலுத்தும் முறைக்கு நிறுத்திவைத்தல் வரி என்று பெயர். வதியாதவருக்கு வாடகை செலுத்தும் நிறுவனம் 14 வீதத்தைப் பிடித்துக்கொண்டு மீதியையே கொடுக்க வேண்டும். வணிக நோக்கமின்றிக் குடியிருப்பதற்காக வாடகை செலுத்தும் தனிநபருக்கு இந்தக் கடமை இல்லை. வெள்ளவத்தையில் குடியிருப்போர் பெரும்பாலும் குடும்பங்களே என்பதால், வரியைப் பிடிப்பார் எவருமின்றி முழுப்பணமும் கைக்கு வந்துவிடுகிறது. கணக்குக் காட்டும் பொறுப்பும் முழுமையாக உரிமையாளரையே சேர்கிறது. கொழும்பு மாநகர சபைக்குச் சோலைவரி செலுத்திய பற்றுச்சீட்டைக் காட்டி, வீட்டுக்கான வரி தீர்ந்துவிட்டதென்று வாதிடுவோர் உண்டு. சோலைவரி உள்ளூராட்சி மன்றத்துக்கு ஆதனத்தின் பெறுமதியை வைத்துச் செலுத்துவது. வருமான வரி மத்திய அரசுக்குரியது. ஒன்று மற்றொன்றை ஈடுசெய்யாது.

வரிசெலுத்துநர் அடையாள இலக்கத்தைப் பெற்று, வருமான வரி விபரத்திரட்டை மதிப்பாண்டு முடிந்தபின் வரும் நவம்பர் 30 ஆம் திகதிக்குள் சமர்ப்பிக்க வேண்டும். வரிப்பணமோ அதற்கு முன்பே ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15 ஆம் திகதிகளில் தவணையாகவும், எஞ்சியது செப்டெம்பர் 30 க்குள்ளும் செலுத்தப்பட வேண்டும். விபரத்திரட்டு பிந்தினால், செலுத்தவேண்டிய வரியின் 5 வீதமும் பிந்தும் ஒவ்வொரு மாதத்துக்கும் மேலும் 1 வீதமும், அல்லது 50,000 ரூபாவும் மாதந்தோறும் 10,000 ரூபாவும், இவற்றுள் எது கூடியதோ அது, 400,000 ரூபா என்னும் உச்சவரம்புக்கு உட்பட்டுத் தண்டமாக விதிக்கப்படலாம். சிறிய வாடகை பெறும் உரிமையாளரின் வரியைவிடத் தண்டம் பெரிதாகிவிடும் இடம் இதுவே.

வீட்டை விற்கும்போது தொகை இன்னும் பெரிதாகிறது. 2002 இல் நீக்கப்பட்டிருந்த மூலதன ஆதாய வரி 2018 இல் 10 வீதமாகத் திரும்பி வந்து, 2025 ஏப்ரல் முதல் தனிநபருக்கு 15 வீதமாக உயர்ந்திருக்கிறது. 2017 செப்டெம்பர் 30 க்கு முன் வாங்கிய ஆதனத்துக்கு அன்றைய சந்தைப் பெறுமதியே கொள்விலையாகக் கருதப்படும் என்பது பழைய உரிமையாளர்களுக்கு உண்மையான சலுகையாகும். 1990 களில் சில இலட்சங்களுக்கு வாங்கிய வீட்டின் பெறுமதி அத்திகதியில் 2 கோடி ரூபா என மதிப்பிடப்பட்டு, இன்று 3.5 கோடிக்கு விற்கப்பட்டால், வரி 1.5 கோடிக்கு மட்டுமே, அது 22.5 இலட்சம் ரூபா. எனவே அத்திகதிக்குரிய பெறுமதியைத் தகுதிவாய்ந்த மதிப்பீட்டாளரிடம் எழுத்தில் பெறுவது விற்பனைக்கு முதற்படியாகிறது. விற்ற ஒரு மாதத்துக்குள் இதற்குத் தனி விபரத்திரட்டு கொடுக்க வேண்டும். தனிநபர் நிவாரணத்தை இந்த ஆதாயத்துக்கு எதிராகக் கழிக்க முடியாது. சொந்த வதிவிடத்துக்கான விலக்கு, முந்திய மூன்றாண்டும் தொடர்ந்து உரிமை கொண்டு, அதில் இரண்டாண்டேனும் தாமே குடியிருந்தவருக்குரியது; வாடகைக்கு விட்டிருப்பவருக்கு அது பயன்படாது.

கொழும்பில் கணக்கு முடிந்தால் கடமை முடிந்தது என்றும் கொள்ள இயலாது. பிரித்தானியாவும் கனடாவும் தத்தம் வதிவாளர்களின் உலகளாவிய வருமானத்துக்கு வரி விதிப்பவை. வெள்ளவத்தை வாடகையும் அங்குள்ள விபரத்திரட்டில் இடம்பெற வேண்டும். கனடா, வாடகைக்கு விட்ட வீடு உட்பட வெளிநாட்டுச் சொத்துகளின் கொள்விலை 100,000 கனேடிய டொலரைத் தாண்டினால் தனிப் படிவம் ஒன்றையும் கேட்கிறது. சொந்தப் பாவனைக்கு மட்டும் வைத்திருக்கும் வீடு அக்கணக்கில் சேராது. அமெரிக்கா எல்லாவற்றிலும் வேறுபட்டது: அந்நாட்டுப் பிரஜை உலகில் எங்கு வாழ்ந்தாலும், கொட்டாஞ்சேனையிலேயே நிரந்தரமாகக் குடியேறினாலும், வருமானம் குறித்த எல்லையைத் தாண்டினால் ஆண்டுதோறும் விபரத்திரட்டு கொடுத்தாக வேண்டும்.

இரு நாடுகளும் ஒரே பணத்துக்கு வரி கேட்பதைத் தணிக்கவே இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு உடன்படிக்கைகள் உள்ளன. பிரித்தானியாவுடனானது 1979 இலும் கனடாவுடனானது 1982 இலும் கைச்சாத்தாகின. அவற்றின்படி நிலத்திலும் வீட்டிலும் இருந்து வரும் வருமானத்துக்கு அந்த ஆதனம் அமைந்த நாடு வரி விதிக்கலாம். வதியும் நாடு அங்கு செலுத்திய வரியைத் தன் வரியிலிருந்து கழித்துக்கொடுக்கும். கழிவைப் பெற இலங்கையில் வரி செலுத்தியதற்கான சான்று வேண்டும் என்பதால், கொழும்பில் கணக்குக் காட்டாதவர் இந்த உடன்படிக்கையால் பயன்பெற மாட்டார். அற்றோணித் தத்துவம் வைத்திருக்கும் உறவினர் வாடகை ஒப்பந்தத்தையும் வங்கிக் கூற்றுகளையும் ஆண்டுவாரியாகச் சேர்த்து வைத்தால் இரு நாட்டுக் கணக்கும் இலகுவாகும். 2026 மார்ச் 31 இல் முடிவடையும் 2025/26 மதிப்பாண்டுக்கான விபரத்திரட்டுக்கு 2026 நவம்பர் 30 கடைசி நாளாகும்.